ஆறு தட்டு வசம்புக் கன்று

திருப்பனந்தாள்
11.6.2023

அன்புள்ள தங்கை கனகாவுக்கு அண்ணன் கலியபெருமாள் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் நிதிஷும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். போன வருஷக் காய்ச்சலில் போன காது போனதுதான். கும்பகோணத்தில் வாங்கிய மிஷினை மாட்டினால் பம்புசெட் இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்கிறது. நீ போனில் பேசுவதை அண்ணி கேட்டு எனக்குச் சைகை காட்டுவதற்குள் பாதி விஷயம் மாறிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் மூன்று வருஷமாக நெல் அழுகுகிறது. எந்த ரகம் போட்டாலும் கார்த்திகை மழையில் மூழ்கிப் போகிறது. வசம்பு சேற்றில் நன்றாக வரும் என்று பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாய். உங்கள் லேபில் குப்பியில் வளர்க்கும் கன்று கிடைக்குமா? முதலில் பத்துக் குழி நிலத்தில் வைத்துப் பார்க்கிறேன். சரியாக வந்தால் அடுத்த வருஷம் பள்ளம் முழுவதும்.

எழில்மொழி எப்படி வேலை செய்கிறாள்? நம் வயலுக்கு நடவுக்கு வரும் தையல்நாயகி, மகள் உன்னிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கும்பிட வேண்டியது உன்னை.

அண்ணன்,
கலியபெருமாள்


தஞ்சாவூர்
2.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நிதிஷ் பன்னிரண்டாம் வகுப்பு போகிறான், புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் படிக்கிறான். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கன்று இருக்கிறது. வியாழக்கிழமை வேனில் ஆறு தட்டு அனுப்புகிறேன். ஆர்டர் போக மிஞ்சியவை, ஜெயபால் சாரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அவர்தான் எங்கள் மேலாளர். சேற்றில் முக்கால் அடிக்கு ஒன்றாக நடுங்கள். முதல் பத்து நாள் தண்ணீர் அதிகம் வேண்டாம். கண்ணாடிக் குப்பிக்குள் ஊட்டக்கூழில் வளர்ந்த பிள்ளைகள், வெயில் புதிது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வசம்பு எல்லாம் ஒன்றல்ல. சில ரகத்தில் உடம்புக்கு ஆகாத ஒரு சத்து மிகுதி. பூச்சி விரட்டும் பொடிக்கு அது சரி, மருந்துக்கு ஆகாது. எங்கள் லேபில் இரண்டும் உண்டு. அலமாரியின் மேல்தட்டில் பூச்சிப்பொடி ரகம், கீழ்த்தட்டில் மருந்து ரகம். நகத்தளவு துண்டாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது, குப்பியில் எழுதியிருப்பதுதான் அடையாளம். உங்களுக்கு வருவது மருந்து ரகம்.

எழில்மொழிக்கு நல்ல கை. கத்தி பிடிப்பதில் என்னிடம் ஐந்து வருஷம் இருப்பவர்களைவிடச் சுத்தம். கேட்காத யோசனையும் சொல்வாள். பழகினால் சரியாகிவிடும்.

தங்கை,
கனகா


திருப்பனந்தாள்
6.8.2023

அன்புள்ள கனகாவுக்கு,

எல்லோரும் சுகம். ஒரு நல்ல செய்தி, தர்ஷினிக்கு ஐந்தாம் மாதம். மருமகன் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். பிரசவம் இங்கேதான். நீ அத்தை, வளைகாப்புக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவை.

கன்று எல்லாம் பிடித்துவிட்டது. இரண்டோ மூன்றோதான் போயிருக்கும். இலையைக் கசக்கினால் வாசனை தூக்குகிறது. பேரப்பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கக் கடை வசம்பு தேவையில்லை, நம் வயலிலேயே எடுக்கலாம் என்று அண்ணிக்கு ஒரே சந்தோஷம்.

ஆடிப்பெருக்குக்கு எழில்மொழி வந்திருந்தாள். வசம்பைப் பார்க்க வயலுக்கு வந்தாள். தட்டில் செருகியிருந்த அட்டை இருக்கிறதா என்று கையால் எழுதிக் காட்டிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்ன என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணன்,
கலியபெருமாள்


தஞ்சாவூர்
10.9.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தர்ஷினி செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். அவளுக்குப் பிடித்த சீரகச் சம்பா அவல் அனுப்பியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

களை எடுக்கும்போது வேரை இழுக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். தொழு உரம் போதும். பிள்ளைக்குக் கொடுப்பதையெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதே எதற்கு.

இங்கே வேலை அதிகம். வளைகாப்புக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. சுருக்கமாக முடிக்கிறேன், மன்னிக்கவும்.

தங்கை,
கனகா


திருப்பனந்தாள்
8.10.2023

அன்புள்ள கனகாவுக்கு,

இங்கு யாவரும் சுகம். நீ வளைகாப்புக்கு வராதது தர்ஷினிக்குக் குறைதான், ஆனாலும் அவல் அனுப்பினாயே என்று சமாதானம் ஆகிவிட்டாள்.

எழில்மொழி போன செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வந்துவிட்டாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஏதோ குப்பியை மாற்றி வைத்துவிட்டாள் என்று சொன்னார்களாம். தையல்நாயகி நம் வாசலில் வந்து நின்று அழுதாள். எனக்கு அவள் சொல்வது கேட்கவில்லை, அழுவது தெரிந்தது. நீ அங்கே பொறுப்பில் இருக்கும்போது இது எப்படி நடந்தது? அவள் தவறு செய்தாள் என்றால் செய்தாள் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் சொல்லிச் சேர்த்த பெண், அவள் அம்மாவுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன்,
கலியபெருமாள்


திருப்பனந்தாள்
15.11.2023

அன்புள்ள கனகாவுக்கு,

சுகம். தீபாவளி போன கடிதத்துக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் வந்து போய்விட்டது. உன் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன்.

மழை வந்துவிட்டது. பக்கத்து வயலில் நாற்று மூழ்கிக் கிடக்கிறது, வசம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. எழில்மொழியும் அவள் அம்மாவும் வந்து களை எடுத்தார்கள். அந்தப் பெண் வாயைத் திறப்பதில்லை.

அண்ணன்,
கலியபெருமாள்


தஞ்சாவூர்
26.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. நிதிஷுக்குக் காய்ச்சல், பிறகு ஆடிட். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன.

எழில்மொழி விஷயம் மேலாளர் எடுத்த முடிவு. குப்பியில் பெயர் மாறிவிட்டது, வாங்குகிற கம்பெனி பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் குப்பிகள் இருந்த அலமாரித் தட்டு எழில்மொழி பொறுப்பில் இருந்தது, ரிஜிஸ்தரில் அவள் பெயர்தான் இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வயதில் சின்னவள், வேறு வேலை கிடைக்கும். தையல்நாயகியிடம் நான் வருத்தப்பட்டேன் என்று சொல்லுங்கள்.

அண்ணியையும் தர்ஷினியையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை,
கனகா


திருப்பனந்தாள்
28.1.2024

அன்புள்ள கனகாவுக்கு,

இப்போது எல்லோரும் சுகம். ஏன் இப்போது என்று எழுதுகிறேன் என்றால், நடுவில் நான்கு நாள் சுகமில்லை.

தர்ஷினிக்கு மார்கழி மூன்றாம் தேதி ஆண் குழந்தை பிறந்ததை அண்ணி உனக்குப் போனில் சொன்னாள். பெயர் வைக்க நீ வரவில்லை. அதை விடு. பிள்ளை பிறந்த வாரமே பள்ளத்தில் இரண்டு தூர் தோண்டினேன். விரல் பருமன் கிழங்கு. பாதியை நாம் வைத்துக்கொண்டு, மீதியைக் கைக்குழந்தை இருக்கும் மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். நம் வயலில் விளைந்தது, என் தங்கை வளர்த்த கன்று என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து, காய்ந்த கிழங்கை அண்ணி விளக்கில் சுட்டு உரைத்துப் பிள்ளைக்கு நாக்கில் தடவினாள். மூன்று நாள் கொடுத்தாள். நான்காம் நாள் நீ போன் பண்ணினாய். வசம்பு கொடுக்கிறேன் என்று அண்ணி சொன்னதும், கொடுக்காதீர்கள், இப்போதெல்லாம் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னாயாம். மறுநாள் பிள்ளை பால் தங்காமல் வாந்தி எடுத்தான். கண்ணைத் திறக்கவில்லை. கும்பகோணத்தில் சேர்த்தோம். எதனால் என்று டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பால் குடிக்கிறான்.

போனில் உன் குரல் நடுங்கியது என்கிறாள் அண்ணி. எனக்குக் குரல் கேட்காது. அதனால் எழுத்தில் கேட்கிறேன். டாக்டர்கள் சொன்னதற்கு நீ ஏன் நடுங்கினாய்?

அண்ணன்,
கலியபெருமாள்


தஞ்சாவூர்
31.1.2024

அண்ணா,

உங்கள் கடிதம் இன்று வந்தது. முதல் காரியமாக, வயலிலும் வீட்டிலும் அந்த மூன்று வீட்டிலும் இருக்கும் கிழங்கை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அண்ணிக்கும் இப்போதே போனில் சொல்லிவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் லேபில் பூஞ்சை வந்தது. தட்டுகளில் இருந்த குப்பிகளையெல்லாம் இறக்கி மேஜையில் வைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். வசம்புக் குப்பிகளைத் துடைத்தது நான். அவசரத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டேன். ஸ்பிரிட்டில் மார்க்கர் மை கரைந்து போய்விட்டது. முப்பத்திரண்டு குப்பி வெறும் கண்ணாடியாக நின்றது. எது மருந்து, எது பூச்சிப்பொடி என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கொட்டினால் ஜெயபால் சாரிடம் போய், என் கையால் தப்பு நடந்தது என்று சொல்ல வேண்டும். பதினாலு வருஷத்தில் நான் அப்படிப் போய் நின்றதில்லை. எழில்மொழி பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, இதுல மேல்தட்டுக் குப்பியும் இருக்குக்கா. கொட்டிடலாம்” என்றாள்.

“நீ வந்து மூணு மாசம்தான் ஆவுது. எனக்குத் தெரியும்” என்றேன்.

எனக்குத் தெரியாது, அண்ணா. முப்பத்திரண்டிலும் மருந்து ரகம் என்று எழுதினேன். ஒரு குப்பி ஐந்தாகும், ஐந்து இருபத்தைந்தாகும். அதிலிருந்து வந்ததுதான் உங்கள் ஆறு தட்டும். அட்டையில் இருந்த அந்த ஏப்ரல் தேதியைத்தான் எழில்மொழி அன்று வயலில் பார்த்திருக்கிறாள். நீங்கள் அதை எழுதிக் கேட்டபோது அவல் அனுப்பியதைப் பற்றி நான் பதில் எழுதினேன்.

செப்டம்பர் கடைசியில் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஜெயபால் சார் எல்லோரையும் நிற்கவைத்து, அந்தத் தட்டு யார் பொறுப்பு என்று கேட்டார். ரிஜிஸ்தரில் எழில்மொழி பெயர். அவள் மறுத்துப் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால், இந்தப் பெண் சொல்லிவிடுவாளோ என்று மட்டும்தான் நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள்.

கன்று வாங்கிய விவசாயிகள் எல்லோரிடமும் ஆட்கள் போய்த் திரும்ப எடுத்துவந்தார்கள். உங்களுடையது மிஞ்சிய கன்று, லிஸ்டில் இல்லை. அதனால் உங்களிடம் யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவள் நான். ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் எழுதலாம் என்று நினைத்தேன். கன்றைப் பற்றிச் சொன்னால் எழில்மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்று தள்ளிப் போட்டேன்.

உங்கள் வயலில் இருப்பது எல்லாமே ஆகாத ரகமா, பாதியா, ஒன்றுகூட இல்லையா, எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு வந்தது அதனால்தானா என்பதும் தெரியாது. அண்ணி வசம்பு என்று சொன்ன பிறகும் உண்மையைச் சொல்லாமல் டாக்டர் மேல் பழியைப் போட்டேன். கும்பகோணம் டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் தெரிந்துகொள்வது நல்லது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கனகா


திருப்பனந்தாள்
3.3.2024

கனகாவுக்கு,

பிள்ளை சுகம். டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, பயமில்லை என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மூன்று வீட்டுக்கும் நானே போனேன். அண்ணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு வீட்டில் இன்னும் உரைக்கவில்லை, அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். அப்துல் ஹமீது வீட்டில் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் டாக்டரிடம் நான் அழைத்துப் போனேன். மூன்றாவது வீட்டிலும் பிள்ளை சுகம், ஆனால் பிள்ளையின் தாத்தா என்னைப் பார்த்து வெகுநேரம் பேசினார். காது கேட்காதது அன்று ஒருநாள்தான் எனக்கு உதவியது. முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

வசம்பை முழுவதும் தோண்டிக் கரையில் போட்டு எரித்தாகிவிட்டது. எழில்மொழியும் தையல்நாயகியும்தான் வந்து தோண்டினார்கள். அதற்கு முன் உன் கடிதத்தை எழில்மொழியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். வரப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். முன்பே ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் கணக்குச் சிட்டை நோட்டை வாங்கி எழுதினாள். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

“கார்த்திகையில பெரியம்மாகிட்ட சொன்னேன், பிள்ளைக்கு இதக் குடுக்காதீங்கன்னு. வேலைய விட்டு அனுப்பின கோவத்துல பேசறேன்னு நெனச்சிட்டாங்க.”

அண்ணியிடம் கேட்டேன். ஆமாம் என்று அழுதாள். உன் நவம்பர் மாதக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், தவறு எழில்மொழி மேல் என்று. தங்கை எழுதினால் பொய்யாக இருக்காது என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நம்பாமல் இருந்திருந்தால் என் பேரன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. செய்த பிறகு எழுது. அதுவரை இங்கே வர வேண்டாம்.

கலியபெருமாள்


தஞ்சாவூர்
24.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அழ வேண்டியது அவர் இல்லை.

ஜெயபால் சாரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, இதை போன ஏப்ரல்லயே சொல்லியிருந்தா ஒரு பேட்ச்சோட போயிருக்குமே என்றார். பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலையிலேயே வைத்துக்கொள்வார்களா என்பது ஏப்ரலில் தெரியும். எழில்மொழியைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவரிடமும் நிதிஷிடமும் சொல்லிவிட்டேன். நிதிஷ் இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எழில்மொழி வீட்டுக்கு வந்தேன். பள்ளத்தின் கரை வழியாகத்தான் நடந்தேன். நீங்கள் தூரத்தில் மண்வெட்டியோடு குனிந்து நின்றீர்கள். கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது. கேட்கும் என்றாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

தையல்நாயகி என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் எடுத்துப் போட்டாள். பழக்கத்தில் கும்பிட்டுவிட்டுப் பிறகு கையை இறக்கிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் செய்ததையெல்லாம் அவர்கள் இருவருக்கும் முன்னால் சொன்னேன். எழில்மொழி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

“பெரியப்பா குடுத்த உங்க லெட்டர்ல படிச்சேன்க்கா, தெரியும்” என்றாள். பிறகு, “அன்னைக்கி சார் கேக்கும்போது நான் உங்களத்தான் பாத்துட்டு நின்னேன். நீங்க சொல்லாட்டியும் பரவால்லக்கா. ஒரு தடவ நிமிந்து பாத்திருக்கலாம்” என்றாள்.

திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். நான் அவளுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டது தப்பு என்று கேட்ட பிறகு தோன்றியது. ஆனால் அவள் பதில் வைத்திருந்தாள்.

“கூட வேல செஞ்சவங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. நான் போற அன்னைக்கி ஒருத்தரும் என்கிட்ட பேசல. நாந்தான் செஞ்சேன்னு நம்பிட்டாங்க. சார்கிட்ட நீங்க எழுதிக் குடுத்தது அவங்களுக்குத் தெரியாது. நீங்களே வாயால சொல்லணும். நான் அங்க நிக்கணும்.”

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு போட மறுத்து, குப்பி அறைக்கு வெளியே செருப்பு கழற்றும் இடத்தில் நின்றாள். பன்னிரண்டு பேரையும் வரச் சொன்னேன். ஏப்ரலில் குப்பியைத் துடைத்தது நான், பெயர் எழுதியது நான், கொட்டிவிடலாம் என்று சொன்னது எழில்மொழி, அவளை அனுப்பும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது நான் என்று சொன்னேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவில்லை. யாராவது ஐயோ என்பார்கள், யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

எல்லோருக்கும் மூத்தவள் நூர்ஜஹான். நான் சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவள், தினமும் மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“தெரியும் கனகா. நீ தொடச்சத நாங்க எல்லாரும் பாத்தோம்.”

நான் வெளியே திரும்பினேன். எழில்மொழி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நூர்ஜஹான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கேட் வரைக்கும் ஓடினாள். எழில்மொழி நிற்கவில்லை.

அவள் ஒருத்தியிடம் மட்டும் தப்பு செய்தேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேரையும் வாய் மூடவைத்திருக்கிறேன். என் பதவிக்குப் பயந்து ஆறு மாதம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

செய்த பிறகு எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று நான் கேட்கமாட்டேன். எழில்மொழி வயலுக்கு வந்தால், என்னை மன்னிக்கச் சொல்லியோ வேலைக்குத் திரும்பச் சொல்லியோ அவளுக்கு நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணியும் தர்ஷினியும் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
கனகா